ஏழு தட்டு தட்டினால் டெவலப்பர்

என் போனில் பங்குச் சந்தை ஆப் ஒன்று இருக்கிறது. நான் போட்டதில்லை, டப்பாவைப் பிரிக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருந்தது. கூடவே மிட்டாய் உடைக்கும் விளையாட்டு, இரண்டாவதாக ஒரு பிரவுசர், மூன்றாவதாக ஒரு ஆப் கடை, அப்புறம் ஒரு கிளீனர். இந்தக் கிளீனர் தினமும் காலையில் 'உங்கள் போனில் குப்பை சேர்ந்துவிட்டது' என்று எழுப்பிச் சொல்லும். அந்தக் கணக்கில் தன்னைச் சேர்த்துக்கொள்ளாது. ஒழித்துக்கட்டலாம் என்று விரலை அழுத்திப் பிடித்தால் 'அன்இன்ஸ்டால்' என்ற வார்த்தையே வராது. சிலவற்றுக்கு 'முடக்கு' வரும். சிலவற்றுக்கு அதுவும் கிடையாது.

முழுப் பணமும் கட்டியாயிற்று, பில் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நிலைமை என்னவோ, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லும் ஹவுஸ் ஓனர் வீட்டில் குடியிருப்பதுபோலத்தான். அவராவது காலி பண்ணும்போது, வெள்ளையடித்த காசைப் பிடித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸைக் கொடுப்பார்.

அக்காவும் அவள் பையனும் லீவுக்கு வந்திருந்தார்கள். பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். என் புலம்பலைக் கேட்டு, "ரூட் பண்ணிட்டா எதை வேணும்னாலும் தூக்கிடலாம் மாமா" என்றான். போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்கு வாங்குவதுதான் ரூட்.

முதல் படி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. செட்டிங்ஸுக்குள் போய், 'போனைப் பற்றி' என்பதைத் திறந்தால் பில்ட் நம்பர் என்று ஒரு வரி இருக்கும். அதை ஏழு தடவை தட்ட வேண்டும். முதல் சில தட்டுகளுக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம், 'டெவலப்பர் ஆக இன்னும் மூன்று படி, இன்னும் இரண்டு படி' என்று கீழே எழுத்து வரும். ஏழாவது தட்டுக்கு, 'நீங்கள் இப்போது டெவலப்பர்!' பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். நான்கு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், அரியர் பேப்பருக்குக் கட்டிய பணம் எல்லாம் அவள் முகத்தில் வந்து போனது. "ஏழு தட்டுலயே ஆயிடலாம்னா என் வளையலை எதுக்குடா அடகு வெச்சேன்?" என்றாள். பையன் பதில் சொல்லவில்லை.

அடுத்தது, போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடரின் பூட்டைத் திறப்பது. இதற்குக் கம்பெனியிடமே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால், '168 மணி நேரம் கழித்து வாருங்கள்' என்றது. ஒரு வாரம் என்று சொன்னால் நாம் பொறுத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் சொன்னால் மனம் மாறிவிடுவோம் என்று எண்ணியிருப்பார்கள். எல்.ஐ.சி. ஏஜென்ட்டையே மூன்று வருஷம் காக்க வைத்த குடும்பம் எங்களுடையது. காத்திருந்தோம்.

கெடு முடிந்த ராத்திரி, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கினான். கறுப்புத் திரையில் ஒரு பச்சை ரோபோ மல்லாந்து படுத்திருந்தது. வயிற்று மூடி திறந்து கிடந்தது. பால் டம்ளரோடு வந்த என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, போயிடுச்சா?" என்று கேட்டாள். "இல்லத்தே, இப்பதான் ஆபரேஷன்" என்றான் மருமகன். 'உள்ளே இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா?' என்று திரை கேட்டது. வால்யூம் பட்டனால் நகர்த்தி, பவர் பட்டனால் சம்மதம் சொன்னோம்.

அன்றிலிருந்து போனை ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ஓர் அறிவிப்பு வருகிறது: 'இந்தச் சாதனத்தின் பூட்டு திறக்கப்பட்டுள்ளது. இதை நம்ப முடியாது. 5 விநாடியில் தொடங்கும்.' சொந்தக்காரர்கள்கூட ஒருவரைப் பற்றி இப்படி வாசலிலேயே நின்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பூட்டைத் திறந்த கையோடு ரூட்டும் செய்து, கிளீனரை அழித்த சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மிட்டாய் போனது, பங்குச் சந்தை போனது. வெறிச்சென்று இருந்த திரையைக் கொஞ்ச நேரம் சும்மா தடவிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் புதிய விளையாட்டு இல்லை. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் ஏடி அண்ட் டி சிம் மட்டுமே அதில் வேலை செய்தது. இரண்டே மாதத்துக்குள் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் அந்தப் பூட்டை உடைத்துவிட்டான். திறந்த போனைக் கொடுத்து ஒரு நிஸான் 350இசட் காரும் மூன்று ஐபோன்களும் வாங்கிக்கொண்டான். எங்கள் வீட்டுப் பையன் வாங்கியது இரண்டு மசால் தோசை.

மறு வருஷம் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1 இன்னும் வேடிக்கை. அதன் கீபோர்டில் எதைத் தட்டினாலும் அதை ஆணையாக எடுத்துக்கொள்ளும் ஒரு ரூட் ஷெல், திரைக்குப் பின்னால் ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் 'ரீபூட்' என்று தட்டினால் போன் நிஜமாகவே அணைந்து எழும். பிறகு அப்டேட் அனுப்பி அடைத்தார்கள்.

அமெரிக்காவில் இப்படிப் போன் பூட்டைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது யார் தெரியுமா? நூலகர். சத்தியமாக. அங்குள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, நாடாளுமன்ற நூலகத்தின் தலைமை நூலகர் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விதிவிலக்குப் பட்டியல் போடுவார். 2010இல், போனை ஜெயில்பிரேக் செய்யலாம், அதாவது கம்பெனி போட்ட தடையை உடைக்கலாம் என்றார். 2012இல், போனுக்குச் சரி, டேப்லெட்டுக்குக் கூடாது என்றார். 2015இல் டேப்லெட்டும் ஆகலாம் என்றார். எங்கள் தெருக் கிளை நூலகரிடம் இவ்வளவு அதிகாரம் போயிருந்தால், 'முதலில் அந்தப் பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தைத் திருப்பிக் கொண்டுவா' என்றிருப்பார்.

நம் ஊரிலும் ஆசை காட்டினார்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, முன்கூட்டியே போட்டு அனுப்பும் உன் ஆப்களை அழிக்க விடு என்றும் கட்டளையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; அழிக்க விடு என்பது உள்ளிட்ட சில கட்டளைகளைத் தள்ளிவிட்டது. ஆக, அபராதம் கஜானாவுக்கு, ஆப் எனக்கு.

என் சுதந்திரம் காய்கறிக்கடையில் முடிந்தது. கத்திரிக்காய், தக்காளி எல்லாம் பையில் போட்டாயிற்று. க்யூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டினால், பணம் அனுப்பும் ஆப், 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று மூடிக்கொண்டது. வங்கி ஆப்பும் அதே பாட்டு. "ரூட் ஆனதை மறைக்கிறதுக்கும் வழி இருக்கு மாமா" என்று மருமகன் போனில் உற்சாகமாகச் சொன்னான். இவன் மறைப்பான், வங்கி அடுத்த அப்டேட்டில் கண்டுபிடிக்கும், இவன் மறுபடி மறைப்பான். நடுவில் தக்காளிக்குக் காசு கொடுப்பது யார்?

பழைய பூட்டையே திரும்பப் போட்டோம். அதற்கும் எல்லாம் அழிந்தது, கிளீனர் கூட்டம் மட்டும் திரும்பி வந்தது. இப்போது பையன் வேறு வழி காட்டியிருக்கிறான்: ரூட்டே வேண்டாம், போனைக் கம்ப்யூட்டரில் செருகி, ஏடிபி என்ற கருவி மூலம் ஆப்புக்கு ஒரு வரி ஆணை கொடுத்தால் பெரும்பாலானவை கண்ணில் படாமல் போய்விடும். உள்ளேயேதான் இருக்கும், ஃபேக்டரி ரீசெட் செய்தால் எழுந்து வரும். இருக்கட்டும், காலையில் எழுப்பாமல் இருந்தால் சரி.

கைக்கு அரிப்பெடுத்தால், கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போன் ஒன்று டிராயரில் கிடக்கும், அதில் பண்ணிப் பாருங்கள். அந்த மாடலுக்கு லீனியேஜ் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இருந்தால் இன்னும் சில வருஷம் ஓடும். வங்கி ஆப் இருக்கும் போனைத் தொடாதீர்கள். மருமகன் நம்பர் வேண்டும் என்பவர்கள் அவன் அரியர் முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவன் போன் இப்போது அக்காவின் பீரோவில் இருக்கிறது.