சித்தியின் கோப்பு: ஓர் அடுக்காய்வு

பானை ஓட்டில் ஒரு கீறலைக் கண்டால் நாற்பது பக்கம் எழுதும் நம் ஆய்வுலகம், அமெரிக்க விசாவுக்குச் சித்தி சுமந்து போகும் கோப்பை இன்றுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: நியூ ஜெர்சியிலிருக்கும் அக்கா மகளைப் பார்த்துவர பி-2 விசா கேட்கும் கோபிச்செட்டிபாளையத்துச் சித்தி. பெற்ற தாய் தந்தையர் இதில் அடங்கார். சம்பந்தி வகையறாவுக்குத் தனி நூல் தேவை, எழுதுவதாக இல்லை.

மூலநூல், டிஎஸ்-160 என்னும் இணையப் படிவம். பெற்றோர், கணவன் மனைவி, நிச்சயமானவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோர் அமெரிக்காவில் உண்டா என்று அது விவரமாகக் கேட்கும். மற்றவர்க்கெல்லாம் சேர்த்து ‘வேறு உறவினர் உண்டா, இல்லையா’ என்று ஒரே வினா. அக்கா மகள் அந்தக் கும்பலில் போய் நிற்கிறாள். இத்தனைக்கும் தமிழரின் உறவுமுறைப் பெயர்களை லூயிஸ் ஹென்றி மார்கன் பட்டியலிட்ட பெருநூலை 1871-இல் அச்சிட்டது அதே வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம்தான். பின்னர் 1953-இல் லூயி துய்மோன், 1981-இல் தாமஸ் டிரவுட்மன் என்று ஆராய்ச்சி தொடர்ந்தது. அத்தை வேறு, சித்தி வேறு என்று அறிவுலகம் முடிவுக்கு வர 110 ஆண்டுகள் பிடித்தன. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் பையனைக் கேட்டிருந்தால் சாதம் ஆறுவதற்குள் சொல்லியிருப்பான்.

புகைப்படவியல்: 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடி கூடாது. கண்ணாடி இல்லாத சித்தியைச் சித்தப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

பொருளியல்: கட்டணம் 2023 ஜூனில் 160 டாலரிலிருந்து 185 ஆயிற்று. மறுத்தாலும் திரும்ப வராது. மொய் எழுதியதாகக் கொள்க.

இனி கோப்பு. அது பிறந்த காரணம் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. விசா கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிட வந்தவர் என்றே அதிகாரி கருத வேண்டும். இல்லை என்று நிறுவுவது வந்தவர் பொறுப்பு. அழைப்புக் கடிதம் தேவையில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்லியிருக்கிறது. ஆயினும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பது உரையாசிரியர்களின் ஒருமித்த துணிபு (பெரியம்மா, வாய்மொழி, தோசை திருப்பும்போது).

மேலடுக்கில் பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிச்சீட்டு, நேர்காணல் சீட்டு. உண்மையில் வேண்டியவை இவ்வளவே. ஆகவே ஆய்வுக்கு உதவாதவை.

இரண்டாம் அடுக்கு எஃப்.டி. ரசீது, எல்.ஐ.சி. பாலிசி, சித்தப்பாவின் பென்ஷன் புத்தகம் (பார்க்க: ‘நம்ம குடும்பம்’ வாட்ஸாப் திரட்டு, குட் மார்னிங் ரோஜாக்களுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் இடைப்பட்ட பகுதி).

மூன்றாம் அடுக்கிலேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, இவற்றினடியில் கிணற்றில் நாலில் ஒரு பங்கு என்று காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம். கிணற்றில் தண்ணீர் இல்லை. பங்கு இருக்கிறது. அந்தப் பங்கின்மேல் கொழுந்தனாரோடு கோர்ட்டில் வழக்கும் இருக்கிறது. தாயகப் பிணைப்புக்குச் சான்று தேடும் அதிகாரிகள் வீடு, சம்பளம், பிள்ளைகள் என்று அலைகிறார்கள். வாய்தா தேதியை ஒருவரும் கேட்பதில்லை. பங்காளி உயிரோடிருக்க, வழக்கு நிலுவையிலிருக்க, சித்தி நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்திலேயே தங்கிவிடுவாள் என்று நினைப்பவர் கொங்கு நாட்டை அறியாதவர். அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாளே அவள் கோவை விமான நிலையத்தில் இறங்கியிருப்பாள், ஜெட்லாக்கோடு (பத்திரத்தின் கைப்படி: பீரோ, நடுத்தட்டு, கூறைப்புடவைக்குக் கீழ், அந்துருண்டை மணம் வீசும் உறை, பின்பக்கம் பால்கணக்கு. மூலப்படி பெரிய மாமாவிடம். அவர் தாமும் படிக்கமாட்டார், பிறருக்கும் காட்டமாட்டார். இவ்வகையில் சுவடி வைத்திருக்கும் சில பேராசிரியர்களோடு ஒப்பிடத் தக்கவர். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சின்ன மாமாவின் பாடமே இங்குக் கொள்ளப்பட்டது).

நான்காம் அடுக்கு, கல்யாண ஆல்பம். சித்தப்பாவுக்கு அதில் முடி இருப்பதால் காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வளவையும் தூக்கிக்கொண்டு சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத்தூதரக வரிசையில் நின்று, சன்னலுக்கு வந்தால், சில நிமிடங்களில் எல்லாம் முடிகிறது. தமிழிலேயே பதில் சொல்லலாம். என்ன கேட்டார்கள் என்பதில் மட்டும் பாடபேதம். ‘எதுக்குப் போறீங்க?’ என்பது சித்தியின் பாடம். ‘யார் செலவு?’ என்பது அவள் மகளின் பாடம். வரிசையில் பின்னால் நின்றவர், சித்தி கேள்வி வருமுன்பே கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார். நடையழகை நோக்க இதுவே தொன்மையான பாடம் எனலாம்.

கோப்பை அதிகாரி திறந்தாரா? சித்தி, மகள், பின்னால் நின்றவர் மூவரும் இல்லை என்கின்றனர். சத்தியமங்கலத்துப் பெரியப்பா ஒருவர் மட்டும், தம்முடைய கோப்பை அதிகாரி பிரித்து வில்லங்கச் சான்றை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்ததாகச் சாதிக்கிறார். அவருக்கு விசாவும் கிடைத்திருக்கிறது. ஆகவே அவர் கூற்று இடைச்செருகல் என்று தள்ளப்பட்டது.