புகார் கொடுத்தவன்

எழுபதுகளின் கடைசியில் அப்பாவின் அம்பாசடர் இருமத் தொடங்கினால், புவனகிரி கடைத்தெரு மெக்கானிக் முதலில் போவது அதன் பின்பக்கத்துக்குத்தான். சைலன்சர் வாயில் விரலை விட்டு, ஒட்டிய கரியைத் தேய்த்து, முகர்ந்தும் பார்ப்பார். பிறகு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடிப்பார். கன்னங்கரேல் என்றிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காப்பிப்பொடி நிறம் என்றால் நாங்கள் பிழைத்தோம். "ஜாஸ்தி குடிக்குதுங்க ஐயா" என்று கார்பரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்புவார். அடுத்த மாதம் அதே திருகு, அதே கால் சுற்று, எதிர்ப்பக்கமாக. நினைவில் அவர் சித்தர்தான். ஆனால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்கிறது அப்பாவின் கணக்கு நோட்டு.

அந்த விரலும் மூக்கும் பார்த்த வேலையை இப்போது பார்ப்பது, புகைக்குழாயில் பிளக் மாதிரியே முடுக்கியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். 1976இல் வால்வோ காரில் அறிமுகமானது. உள்ளே சிர்கோனியா பீங்கான். 300 டிகிரி வாக்கில் சூடேறினால்தான் வாய் திறக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட், இல்லாவிட்டால் 0.9. இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடினால் ஆரோக்கியம்.

சென்ற ஆண்டு என் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகிய பையன் காரைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தான். "பி0171. ஓ-டூ சென்சார் போச்சு சார்." மாற்றினோம், நாலாயிரத்துச் சொச்சம். சேத்தியாத்தோப்பு போவதற்குள் விளக்கு மறுபடியும்.

அந்த எண்ணுக்கு சென்சார் கெட்டது என்று பொருளே இல்லை. "காற்று அதிகமாக வருகிறது" என்று சென்சார் கொடுத்த புகார் அது. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போட்டிருக்கிறோம்.

வேறொரு பட்டறையில் பானெட்டைத் திறந்து காது கொடுத்தார்கள். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். வேக்குவம் ஹோஸில் விரிசல். கம்ப்யூட்டர் கணக்கில் வராத காற்று அது வழியே போய்க்கொண்டிருந்தது. விரிசலை விரலால் அழுத்தியதும் என்ஜின் நடுக்கம் நின்றது. மறுபடியும் விரல்தான்! ஹோஸுக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ரோஷத்தில் பழைய சென்சாரையே திரும்ப மாட்டச் சொன்னேன். இன்றுவரை விளக்கு எரியவில்லை. புதியது டேஷ்போர்டு அறைக்குள் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது. எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம்.