ஸ்டிக்கர் ஒன்றே சென்றடைந்தது

பெறுநர்: சென்னை வெள்ள நிவாரணத்துக்குப் பொறுப்பேற்ற மாநில அதிகார பீடம்
பொருள்: ஸ்டிக்கரின் அரும்பணியைப் பாராட்டுதல்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் ஏற்றிவந்த நிவாரணப் பொருள்கள் வழியிலேயே மறிக்கப்பட்டு, முதலமைச்சரின் படம் பொறித்த ஸ்டிக்கர் ஒட்டுமாறு கட்டாயப்படுத்தப்பட்டதாக எழுந்த முறையீடு நன்றிகெட்டதென்றே கொள்ளத்தக்கது. ஏனெனில் அவ்வாரத்தில் தங்குதடையின்றிச் சென்னைக்குள் நுழைந்த ஒரே சரக்கு அந்த ஸ்டிக்கர்தான்.

இரண்டாம் ஓடுபாதையை அடையாற்றின் மீதே பாலம் கட்டி நீட்டியிருந்த விமான நிலையம் 1ஆம் தேதி இரவு மூடப்பட்டு, பயணிகள் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராஜாளி எனும் அரக்கோணம் கடற்படை விமானத் தளத்துக்கு அலைய நேர்ந்தது. தென்மாவட்ட ரயில்கள் நின்றன. பால் பாக்கெட் நூறு ரூபாய்வரை விலைபோயிற்று. ஊழியர்கள் அச்சகத்தை அடைய இயலாமையால், 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. ஸ்டிக்கர் அச்சாயிற்று. அதன் பசை மழையிலும் விடாப்பிடியாக நின்றதைக் காணும்போது, தார் உரிந்துபோன சாலைகளையும் அதே பசையால் போட்டிருக்கலாமே என்னும் ஐயம் ஆய்வாளர்க்கு எழுவது இயல்பே. மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, மாடிகளில் தவித்தோரை மீட்டது மட்டும் நடைமுறைக்குப் புறம்பானது. அப்படகுகளில் ஸ்டிக்கர் இல்லை.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, அரசுக் கணக்கின்படியே, வினாடிக்கு 29,000 கன அடி, அதாவது ஒவ்வொரு வினாடியும் எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர், அடையாற்றில் இறக்கப்பட்டது. உரிய நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை என்று கரையோர மக்கள் கூறினார்கள். அப்படிக் கூறுவதற்கு உயிரோடு இல்லாதவர்களும் உண்டு. மூட்டைக்கு மூட்டை படம் ஒட்ட ஆள் இருந்த ஊரில், கதவைத் தட்டிச் சொல்ல ஆள் இல்லாமற்போனது வெட்கக்கேடு. பீடம் பொறுத்தருள வேண்டும். இத்தகைய சொற்கள் எவையும் அதன்மீது ஒட்டுவதில்லை என்பது நாடறிந்தது.

ஆகவே, அடுத்த பருவமழையில் மதகு திறக்கப்படும் முன்பே, திறக்கும் நேரம், நீரின் அளவு, செல்ல வேண்டிய மேட்டிடம் ஆகியவற்றை அச்சிட்டு, ஆற்றங்கரை வீடுகள் ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுமாறு பீடம் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. படமும் இருக்கலாம், ஆட்சேபணையில்லை.