ஏற்றத்து இழுவைக்குறை இயல்: வளப்பூர் நாட்டுச் சான்றை முன்வைத்து ஒரு முன்னாய்வு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைமேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த எண்ணில் எந்தக் கார் திணறியது, அப்போது உள்ளே இருந்தவர்கள் என்னென்ன காரணம் சொன்னார்கள் என்பதை இதுவரை எவரும் தொகுக்கவில்லை. இம்மலையின் வளப்பூர் நாட்டு இறைவனை முன்னிறுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் சகுனம் பார்ப்பது வரைக்கும் சொல்லித் தருகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி முன்னேறாதபோது செய்யத்தக்கது யாது என்பதை அது தொடவில்லை. கவிராயர் மேல் குற்றமில்லை. அவர் காலத்துப் பக்தர்கள் நடந்து போனார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கினால் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சான்று, என் மாமாவுக்குச் சொந்தமான பழைய பெட்ரோல் கார். ஓட்டியவர் அவருடைய மாப்பிள்ளை. மாமா பின்சீட்டில் இடப்பக்கம்; கட்டுரையாளர் நடுவில், அதாவது முழங்கால் வைக்க இடமில்லாத இடத்தில். செம்மேட்டைத் தாண்டி அறப்பளீசுவரர் கோயில் சாலையில் ஒரு மேடு வந்தது. மாப்பிள்ளை மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருந்த வேகத்தையும் இழந்தது.

இவ்விடத்தில் அறிஞர் பிளவுபடுவர். ‘ஏசியை அமத்து’ என்பது முன்சீட்டார் கொள்கை. ‘மலைக் காத்துங்க, இங்க எல்லா வண்டியும் அப்படித்தான்’ என்பது டீக்கடையார் கொள்கை. ‘பெட்ரோல் சரியில்லை’ என்பது பின்சீட்டார் கொள்கை. இதன் மூலவர் மாமா. எத்தனால் கலக்கத் தொடங்கிய பிறகு இக்கொள்கைக்கு ஆதரவாளர் பெருகிவிட்டனர்.

டீக்கடையாரை முதலில் எடுத்துக்கொள்வோம், அவர்களிடம் கொஞ்சம் உண்மை இருப்பதால். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அதற்கேற்பப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 80 குதிரைத்திறன் வண்டி 72 ஆகும். சரி, மலையேற எத்தனை குதிரை வேண்டும்? ஆளும் மூட்டையும் சேர்த்து 1,400 கிலோ வண்டியை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு 45 நிமிடத்தில் தூக்க, சராசரியாக ஏழே குதிரை போதும். டயர் உராய்வு, வளைவுதோறும் நின்று கிளம்புவது எல்லாம் கூட்டி மும்மடங்கு என்று வைத்தாலும் 21. மீதி ஐம்பது குதிரை எங்கே போயின என்பதற்கு மலை பதில் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் தெருவில் அரை மிதியில் போகும் வண்டியிடம் யாரும் வேலை கேட்பதில்லை. மலை கேட்டது, அவ்வளவே. ஏசி சில குதிரைகளைத் தின்னும் என்பது மெய், ஐம்பதைத் தின்னாது.

இனி முறையான பகுப்பு. வலு பிறக்கவில்லையா, பிறந்தது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் வேறெதுவோ பிடித்து வைக்கிறதா? எஞ்சின் கத்திக்கொண்டு மேலே போக, வண்டி மட்டும் பின்தங்கினால் கிளட்ச். சக்கரத்தின் பக்கத்தில் கை கொண்டுபோனாலே சுட்டால் பிரேக் பிடித்திருக்கிறது. எங்கள் வண்டியில் எஞ்சினும் கூடவே அடங்கியது, சக்கரம் சுடவில்லை. ஆகவே முதற்கூறே வழக்கு. காற்று, எரிபொருள், தீப்பொறி, புகைபோகும் வழி என்னும் நான்கில் ஒன்று. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்ததில் எலி குடியிருந்த அடையாளம் எதுவும் இல்லை (மலைக் காட்டில் வண்டி நிறுத்துவோர் இதைப் பார்த்தேயாக வேண்டும்).

செம்மேட்டிலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக் தம்பி ஸ்கேனரைச் செருகினார். திரையில் தோன்றியது பி0171 என்னும் சூத்திரம். கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொழிப்பு. எந்தப் பாகத்தை மாற்று என்று அது சொல்லாது. சொல்வதாக நினைப்பவர்கள்தான் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். சேதி கொண்டுவந்த ஆளை அடிப்பது அது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி ஓர் அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடினார். நம் காலத்துப் பட்டறை வில்லாளிகள் சிலர் பிளக், காயில், சென்சார், இன்ஜெக்டர், பம்பு என ஐந்து அம்பு விட்டு ஒரு உடும்பை அடிப்பார்கள். ஐந்துக்கும் பில் உண்டு.

தம்பி அந்த மரபினர் அல்லர். வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டு, பெட்ரோலைக் கூட்டச்சொல்லி கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்துகிறது என்று பார்த்தார். பிறகு மேட்டில் ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி பார்த்தார். நிற்கையில் திருத்தம் மிகுந்து, மிதிக்கையில் குறைந்தால் எங்கோ ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. நிற்கையில் ஒழுங்காக இருந்து, மிதிக்கையில் ஏறினால் பெட்ரோல் வரத்து பற்றவில்லை. எங்களுடையது இரண்டாவது. பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். இவ்வகை எஞ்சின்களில் 3 முதல் 4 பார் வரை நிற்க வேண்டிய அழுத்தம், மிதித்ததும் இரண்டுக்குக் கீழே சரிந்தது.

“பம்பு வலைல அடைப்புங்ணா. டேங்க்ல எப்பவும் கம்மியா வச்சு ஓட்டுவீங்களா?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போடுவதில்லை என்பது அவருடைய நெடுநாள் விரதம். பம்பு டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓடினால் சூடேறித் தேயும், அடியில் தங்கிய கசடும் வலையில் வந்து அப்பும்.

பல சிறிய கார்களைப் போலவே இதிலும் பம்பைத் திறக்கும் மூடி பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. பின்சீட்டார் கொள்கையின் மூலவர் காரவள்ளியிலிருந்து அதன் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார். வழியில் பாரம் குறைக்க இறங்கச் சொன்னபோதெல்லாம் மறுத்தவர், இப்போது துண்டை உதறிக்கொண்டு இறங்கினார். மெத்தையைத் தூக்கி, மூடியைக் கழற்றி, தம்பி வலையை வெளியே எடுத்துக் காட்டினார்: காப்பி வடிகட்டியின் அடியில் மிச்சமிருக்கும் சக்கை போல, கரேலென்று. வலை மாறியது, கேஜ் முள் மிதித்தாலும் அசையவில்லை. மூடியைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்த தம்பியிடமும், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னிடமும் பொதுவாக மாமா சொன்னார்:

“நான்தான் அப்பவே சொன்னனே, பெட்ரோல்தான்னு.”