தவணையில் வரும் கண்

அரசு இணையதளங்களுக்கு வழிகாட்டி எழுதும் மேன்மைமிகு அதிகாரிகள் சமூகத்துக்கு,

கண்ணிழந்த சுந்தரருக்கு வெண்பாக்கத்து இறைவன் ஊன்றுகோல் மட்டுமே கொடுத்தார். இடக்கண் எங்கள் காஞ்சி ஏகம்பத்தில் கிடைத்தது, வலக்கண்ணுக்கு ஆரூர்வரை போக வேண்டியிருந்தது. இறைவனே தவணையில்தானே தந்தார் என்று நீங்களும் 2009-இல் ஒரு வழிகாட்டி, 2018-இல் இன்னொன்று, 2023-இல் மூன்றாவது என அருளிவருகிறீர்கள். சுந்தரருக்காவது மூன்றாம் ஊரில் கணக்குத் தீர்ந்தது. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி 'செய்தே ஆக வேண்டும்' என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன்கீழ் வந்த 2017 விதியோ 'செய்தால் நல்லது' என்னும் வழிகாட்டிகளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இதைத்தான் பிடித்தது: அந்த 15-ஆம் விதி சட்டத்துக்கே முரண், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுங்கள் என்றது.

கெஞ்சுகிற விதி என்ன விளைவிக்கும் என்பதைத் திரைவாசிப்பான் வைத்திருப்பவர் காதாலேயே கேட்கலாம். பெயர் சூட்டாத பொத்தான்களை அது 'பட்டன், பட்டன், பட்டன்' என்று ஒப்பிக்கும். எது சமர்ப்பிக்கும், எது ரத்தாக்கும் என்பது அவரவர் ஊழ்வினை. முத்திரை சாய்ந்திருக்க ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை அதற்கு வெறும் படம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்போ தமிழை ஆங்கில எழுத்துக் குப்பையாக உளறுகிறது. சரிகை இழையை விரலாலேயே அறியும் நெசவாளிக்குப் பார்வை மங்கினால், நெளிந்து கிடக்கும் ஆங்கில எழுத்தைப் பெரியது சிறியது பிரித்துச் சொல்லும்வரை அவர் மனிதர் என்று நீங்கள் ஒப்புவதில்லை. அமில வீச்சில் கண் சிதைந்தவர்களிடம், உயிரோடிருப்பதற்குச் சான்றாகக் கண் சிமிட்டச் சொன்ன கொடுமையும் நடந்தது. இணைய அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது அதை எதிர்த்த வழக்கில்தான்.

பாதுகாப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் கேப்சா என்னும் அந்த நெளியெழுத்துச் சோதனையை மனிதரைவிட நிரல்களே வேகமாக விடுவிப்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் காட்டிவிட்டார்கள்; திருடனுக்குத் திறந்து வீட்டுக்காரருக்குத் திறக்காத பூட்டு அது. சிலருக்காக இத்தனை செலவா என்பது அடுத்த கேள்வி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும், எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுமாக, அந்தச் 'சிலர்' 11 லட்சத்துக்கு மேல். வெள்ளெழுத்து வந்தோரையும் சேர்த்தால் உங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் தேறுவார்கள். பொத்தானுக்குப் பெயர் வைக்க ஒரு வரி நிரல் போதும். பார்வையற்றவர்கள் சோதித்துச் சரி என்ற பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தொகை என்று டெண்டரில் எழுதிப் பாருங்கள், வழிகாட்டி இல்லாமலே வேலை நடக்கும்.

இதற்குப் பதில் எழுதுவதாயின், கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம். யூனிகோடில் தட்டச்சு செய்தே அனுப்பவும்.

இப்படிக்கு,
மாகறல் குடிமகன்