வீட்டுப்பாட மீட்பியல்: ஒரு தில்லை ஆய்வு

"சார், எல்லாம் எழுதினேன், டெலீட் ஆயிடுச்சு" என்ற கூற்று கடலூர், சிதம்பரம் வகுப்பறைகளில் பெருவழக்கு. அழித்தவர் யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. மீட்பது எப்படி என்பதே நம் வினா.

ஒன்நோட் கிளாஸ் நோட்புக்கில் நீக்கிய பக்கம் ரீசைக்கிள் பின்னில் 60 நாள் கிடக்கும். பிறகு போயே போய்விடும். ஒரு செமஸ்டரைக்கூடத் தாங்காத தொட்டி. தில்லை எனும் சிதம்பரத்தில் இருந்த தொட்டியோ சுமார் 300 ஆண்டு தாங்கியது.

மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தேடி வந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மன்னன் முதலாம் இராசராசன் என்பது பொதுக் கருத்து. பாடியவர்களே நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் தீட்சிதர்கள். அதாவது, கணக்கின் உரிமையாளர் வந்து லாகின் செய்யவேண்டும். அவர்கள் மறைந்தோ சில நூற்றாண்டு ஆகிவிட்டது. மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறந்தான். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு இவ்வளவு நேர்த்தியான வழியை எந்த ஹெல்ப் டெஸ்க்கும் தந்ததில்லை.

உள்ளே கரையான் புற்று. எண்ணெய் ஊற்றிக் கரைத்து எடுத்ததில் தேறியவை எண்ணூறுக்கும் சற்றுக் குறைவான பதிகங்கள். இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்தோம் என்று அசரீரி கேட்டதாம். அரைகுறை அசைன்மென்ட்டோடு நிற்கும் மாணவருக்கு அருமையான முன்னுதாரணம். அப்பாவின் கையெழுத்துக் கேட்கும் ஆசிரியரிடம்தான் செல்லாது. மீண்ட பாடல்களுக்குப் பண் போயிருந்தது. இன்றைய கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு பண் வகுத்தார்கள். ஃபார்மேட்டிங் கலைந்ததற்கு அழும் பிள்ளைகள் இதையும் படிக்கலாம்.

ஆனால் நம் ஆய்வின் முக்கியச் சான்று தில்லைக்கு வெளியே இருக்கிறது. மூவரில் ஒருவரான சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் அந்த அறையிலிருந்து வரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவ்வூர்க் கோயில் கல்வெட்டில் அகப்பட்டது. யாரோ எப்போதோ பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இப்பணியைச் செய்பவர் கடைசி பெஞ்சுக்காரர். பிழைகளோடு அப்படியே காப்பியடித்திருப்பார். ஆகவே ஆசிரியர் ரீசைக்கிள் பின்னைக் கிளறுமுன் அவருடைய நோட்டைத் திறந்து பார்க்கலாம். அவருக்குப் பூஜ்யம் போடுவதா, ஆவணக் காப்பாளர் என்று அரை மதிப்பெண் கொடுப்பதா என்பதில் ஆய்வுக் குழு இன்னும் ஒத்துப்போகவில்லை.