டிங் அண்ணாச்சி

கல்யாண வீட்டில் ஐயர் கையை உயர்த்தி, கெட்டிமேளம் என்று சொல்ல வாயெடுக்கும் அந்த ஒரு நொடி அமைதியில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் எங்கள் தெருக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அது அண்ணாச்சியின் சட்டைப்பை. பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் பூட்டிக்கிடக்கும் அவர் வீட்டு வாசலில் ஏதோ அசைந்திருக்கிறது. அட்சதையை இடது கைக்கு மாற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முடிவைச் சொல்வார்: "ஒண்ணுமில்ல. முருங்கை."

இப்படி ஒருவர் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறார். அநேகமாக ஓய்வூதியக்காரர். பிள்ளைகள் பெங்களூரிலோ அதற்கப்பாலோ இருப்பார்கள். போன தலைமுறையில் இவரே திண்ணையில் உட்கார்ந்து, "எங்க தூரமா?" என்று போகிறவர் வருகிறவரை நேரடியாக விசாரித்திருப்பார். திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் கட்டிய பிறகு, அந்த உத்தியோகம் சுவரில் ஏறிவிட்டது.

எங்கள் அண்ணாச்சி கருவூலத்தில் 34 வருஷம் இருந்தவர். ரெவின்யூ ஸ்டாம்ப் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று சம்பளப் பட்டியலைத் திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்டவர் கேமரா வாங்கினால் சும்மா வாங்குவாரா? ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்தார்: வரிசை எண், நேரம், அசைந்தது, குறிப்பு. கேமரா எத்தனை தடவை கூப்பிட்டது, அதில் எத்தனை மெய், எத்தனை பொய் என்று தினமும் இரவு கூட்டிப் போட்டுக் கையெழுத்தும் போடுவார். யாருக்குச் சமர்ப்பிக்க என்று நான் கேட்டதில்லை.

முதல் கேமரா 1,800 ரூபாய். வண்ணார்பேட்டையில் வாங்கினார். பல்பு மாட்டும் ஹோல்டரிலேயே திருகிவிடலாம். அதன் வேலை முறை அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முந்தின படத்தையும் இப்போதைய படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடும். ஓரளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிங். "டேலி ஆகலன்னா அப்ஜக்‌ஷன். நம்ம டிபார்ட்மெண்டு மாதிரியே தம்பி" என்றார் பூரிப்போடு.

அவர் அதை வாங்கியது பங்குனியில். அதுதான் பிசகு. திருநெல்வேலிச் சீமைக்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் கயத்தாறு பக்கம் போய்க் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மியைப் பறக்கவிடும் காற்று அண்ணாச்சி வீட்டு முருங்கையை விட்டுவைக்குமா? கொடியில் காய்ந்த வேட்டி, கோலத்தின் மேல் ஓடிய பாலித்தீன் பை, கேட்டில் மாட்டியிருந்த எலுமிச்சைப் பழம், எல்லாம் அசைந்தன. மேகம் சூரியனை மறைத்து விலகினாலும் டிங். ஆடி முதல் நாள் மட்டும் 317. நோட்டு ஒரு வாரத்தில் தீர்ந்து, 192 பக்க நோட்டு வந்தது.

இரவில் வேறு கதை. இருட்டில் பார்ப்பதற்கு இந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். அதைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். சிலந்தி கேமராவின் முகத்திலேயே குடியேறி ஒரே ஒரு இழை கட்டினால் போதும், லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அது தேர்வடம் பருமனுக்கு வெள்ளையாக ஆடும். இரவு ஒரு மணிக்கு அண்ணாச்சி ஏணியும் ஒட்டடைக்கம்புமாக வாசலில் நிற்பதைப் பார்த்து, ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி விசாரித்திருக்கிறார். அந்த விசாரணையும் நோட்டில் ஏறியிருக்கிறது. குறிப்பு: 'மெய்.'

இரண்டாவது கேமரா உடம்புச் சூட்டை உணர்ந்து கூப்பிடுவது. இலைக்குச் சூடு இல்லை, வேட்டிக்குச் சூடு இல்லை, ஆகவே கவலையில்லை என்றார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் அது பார்ப்பது ஆளின் சூட்டை மட்டும் அல்ல, ஆளுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் தரைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டைச் சுவரும் மனுசனும் ஒரே சூட்டில்தான் நிற்போம். மத்தியான வேளையில் கேஸ் சிலிண்டர்காரர் வந்து, தட்டி, கூப்பிட்டு, திட்டிவிட்டுத் திரும்பிப் போனார். கேமரா மூச்சுவிடவில்லை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இந்த ரகம் தன் முன்னால் குறுக்கே நடப்பவனைச் சட்டென்று பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். இதைக் கண்டறிய அண்ணாச்சி நடத்திய பரிசோதனையில் நானும் ஒரு கருவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காய்கறிப் பையோடு போனவனை நிறுத்தினார்.

"தம்பி, இந்த கேட்டுல இருந்து நேர என்னப் பாத்து வாங்க. களவாணி மாதிரி வாங்க."

வந்தேன்.

"என்ன இப்படி வெறப்பா வாரிய? களவாணிப்பய கத்திரிக்காயத் தூக்கிட்டா வருவான்? பம்மி வாங்க."

பம்மி வந்தேன். பிறகு குறுக்கே போனேன். பிறகு வேகமாக, பிறகு உட்கார்ந்தபடி. பதினோரு நடையில் ஏழு டிங். எதிர்வீட்டு மாடியில் இருந்து ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் என் பெயருக்கு எதிரே 'மாதிரித் திருடன்' என்று எழுதியிருப்பதைப் பிற்பாடு பார்த்தேன்.

மதினிக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. அவர் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுச் சத்தத்தை வைத்து, "பேப்பர்", "பால்", "மூணாவது வீட்டுக்காரி சீனி கேட்டு வாரா" என்று சொல்லிவிடுவார். சூடு, புள்ளி எதுவும் வேண்டாம். ஒருநாள் அண்ணாச்சி, வீட்டுக்குக் கேமரா என்ற யோசனையே ஒரு பெண்பிள்ளையுடையதுதான் என்று மதினிக்கு எடுத்துச் சொன்னார். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். கணவர் நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போகிறவர். அக்கம்பக்கத்தில் களவு பயம். கதவில் துளைகள் வைத்து, அதில் கேமரா நகர்ந்து பார்க்கும்படி அமைத்து, 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். மதினி கீரையை ஆய்ந்தபடி முழுதும் கேட்டார்.

"அந்தம்மா வீட்டுக்காரரு வேலைக்குப் போனாரு, மாட்டுனாவ. நீங்க ராவும் பகலும் இங்கனதான கெடக்கிய?"

அண்ணாச்சி இதை நோட்டில் ஏற்றவில்லை.

இடையில் நிஜமாகவே களவு நடந்தது. பக்கவாட்டுச் சந்தில் இருந்த பித்தளைக் குழாயை எவனோ திருகிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பக்கம் புழக்கம் குறைவு, நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது சுவரில் இருந்தது முதல் கேமரா. படத்தைத் தேடினால், கார்டு நிறைந்து பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. மூன்று நாள் முழுக்க முருங்கை. சரி என்று நோட்டைப் புரட்டினோம். களவு நடந்திருக்கவேண்டிய இரவில், 3.05-க்கு ஒரு டிங் வந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்திலும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'அசைந்தது – முருங்கை. பொய்.' அதன்பின் ஒரு வாரம் அந்த மரத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுவே குழாயைக் கழற்றிய மாதிரி.

மூன்றாவதாக வாங்கியது ஆளையும் மற்றதையும் பிரித்தறிகிற கேமரா. ஆயிரக்கணக்கான மனித உருவங்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்களாம். வந்த முதல் நாளே, எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தொங்கவிட்ட வைக்கோல் திருஷ்டி பொம்மையை ஆள் என்று பிடித்துவிட்டது. பேன்ட், சட்டை, மீசை எல்லாம் இருக்கும்போது அதைத்தான் குறை சொல்ல முடியுமா? காற்றடிக்கும்போதெல்லாம் 'வாசலில் நபர்' என்று செய்தி.

கடைசியில் கேமரா மாட்டும் பையன் ஒருவனைக் கூப்பிட்டோம். இருபத்திரண்டு வயதிருக்கும். வந்து, அண்ணாந்து பார்த்து, சிரித்தான். அண்ணாச்சி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வழுக்கை தெரியும், முகம் தெரியாது. ஒன்பதடிக்கு இறக்கினான். கேட்டில் நுழைகிறவன் படத்தின் குறுக்கே நடந்தாக வேண்டிய மாதிரி பக்கச்சுவருக்கு மாற்றினான். கேமராவின் சொந்த இரவு விளக்கை அணைத்துவிட்டு, நாலடி தள்ளி ஒரு தனி விளக்கு போட்டான். சிலந்தி அங்கே குடிபோகட்டும். போனில் விரலால் கட்டம் வரைந்து, கேட்டும் நடைபாதையும் மட்டும் உள்ளே, முருங்கையும் திருஷ்டி பொம்மையும் வெளியே. உணர்திறனைப் பாதியாக்கி, 'ஆள் மட்டும்' என்று ஒரு தட்டு. நாற்பது நிமிஷம். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். கேமரா வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலுக்கு அலைவதைவிட, இப்படி ஒரு பையனுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்குவது நல்லது என்பது என் கட்சி.

மறுநாள் ஆறு டிங். பால், பேப்பர், குப்பை வண்டிக்காரம்மா, கூரியர், மதினி வெளியே, மதினி உள்ளே. ஆறும் மெய். பொய்: இல்லை. அதற்கு மறுநாள் ஐந்து.

அண்ணாச்சி நோட்டில் ஒரு பக்கத்தில் கால்வாசிகூட நிரம்பவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, "தம்பி, என் போனுக்கு ஒரு கால் போடுங்க" என்றார். போட்டேன். அடித்தது. "அடிக்கத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு உட்காராமல் போய்விட்டார். அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் எந்த இடைஞ்சலும் இல்லாமல் முழங்கியது. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது அவர் கை சட்டைப்பையின்மேல் இருந்தது.

பத்து நாள் கழித்து ராத்திரி அவர் வாசலில் போனை வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன என்றேன்.

"அந்தக் கறுப்புப் பூனைய ஒரு வாரமா கணக்குல காணோம் தம்பி. ரெண்டேகாலுக்குப் போவும், ரெண்டரைக்குத் திரும்பும். செத்துகித்துப் போச்சான்னு ஒரு இது."

"ஆள் மட்டும்னு வச்சிருக்கோம்லா அண்ணாச்சி. பூனை போனாச் சொல்லாதே."

"அதத்தான் எடுத்துவிட்டுட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, தணிந்த குரலில், "கட்டத்தையும் கொஞ்சம் இழுத்து விட்டுட்டேன். முருங்கை ஒரு ஓரமா வரும். பெருசா ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் நோட்டைத் திறந்து எடுத்துவந்து காட்டினார். பக்கம் நிறைந்திருந்தது. பன்னிரண்டாவது வரியில் இரண்டு கோடு அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: '2.17. பூனை (கறுப்பு). உடன் குட்டி 3. மெய்.'